ஈரச் சிலுவை

பேய்க்குக் கால் கிடையாது என்கிறார்கள். ஆனால் எந்தப் பேய்ப் படத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது கொலுசுச் சத்தம்தான். கால் இல்லாதது கொலுசை எதில் மாட்டிக்கொள்ளும் என்று படம் எடுத்தவனும் யோசிப்பதில்லை, பார்க்க வந்தவனும் கேட்பதில்லை. சேலம் டவுனில் ஒரு கொட்டகை மேனேஜரிடம் நான் நேராகவே கேட்டேன். "ஏனுங்க உபதேசியாரே, ஓசிப் பாஸுல வந்துட்டு இதெல்லாம் ஒரு கேள்விங்களா?" என்றான். அப்படிப்பட்டவர்களிடம்தான் நாம் படத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சாவகாசமாக எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. யாகப்பன் உங்களுக்கு எழுதிக் கொடுத்ததை வாசித்துக் காட்டினீர்கள். அதில் ஒரே ஒரு விஷயம் தப்பு. மற்றதெல்லாம் சரி. தப்பு எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்குப் புரியாது.

என் பெயர் பாக்கியநாதன். வயது நாற்பத்தாறு. உபதேசியார் வேலை பார்க்கிறேன். குழந்தைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாமியார் வர முடியாத ஊர்களில் செபம் நடத்துவது, சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நல்ல மரணத்துக்கு வேண்டிக்கொண்டு, நெற்றியில் தீர்த்தத்தால் சிலுவை போடுவது. ஐம்பதாம் வருஷத்திலிருந்து இன்னொரு வேலையும் சேர்ந்தது. கோயில் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, ஊரில் ஓடுகிற படங்களில் நம் கிறிஸ்தவர்கள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று எழுதச் சொன்னார் சாமியார். எழுத வேண்டும் என்றால் பார்க்க வேண்டுமே. எட்டு வருஷமாக நான் பார்க்காத படம் இந்த ஜில்லாவில் ஓடவில்லை.

புராணப் படம், ராஜா ராணிப் படம், அழுகைப் படம் எல்லாம் பார்த்தேன். ஆனால் வயிறெரிந்து பார்த்தது பேய்ப் படமும் மர்மப் படமும்தான். கையில் ஒன்றும் இல்லாதவன் எடுக்கிற படங்கள் அவை. ஒரே பங்களா. போன படத்தில் ஜமீன்தார் வீடாக இருந்ததில் இந்தப் படத்துக்கு ஒட்டடையை ஒட்டியிருப்பார்கள். அதே மாடிப்படி, மூன்றாம் படியில் அதே பெயர்ந்த காரை. எலும்புக்கூட்டை ஆட்டுகிற நூல் பெஞ்சு டிக்கெட்டுக்கே தெரியும். துப்பறிகிறவன் நம் ஊர் வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டிருப்பான். மணி பன்னிரண்டு அடிக்கும், நரி ஊளையிடும், ஒரு வெள்ளைச் சேலை ஒரு பாட்டு முழுக்க நடக்கும். கடைசியில் பேயே கிடையாது, எல்லாம் சித்தப்பா செய்த வேலை என்பார்கள். இதற்காகவா பதினாலு ரீல்?

கையில் இல்லாததை நான் குறை சொல்ல மாட்டேன். என்னிடமும்தான் இல்லை. எனக்கு ஆத்திரம் அவர்களுடைய சோம்பேறித்தனத்தின் மேல். அதைவிட ஆத்திரம், மணலில் உட்கார்ந்துகொண்டு அதற்கும் பயந்து தொலைகிற ஜனங்களின் மேல். இருட்டில் எவன்தான் பயப்பட மாட்டான்? காலை பத்தரை மணிக்கு, சுள்ளென்று வெயில் அடிக்கும்போது ஒரு ஆளைப் பயப்படுத்த வேண்டும். அதுதான் வேலை. செத்தவன் உயிரோடு இருந்தபோது தினமும் செய்த ஒரு சின்னக் காரியம், வீட்டில் இருந்தவளுக்கு மட்டும் தெரிந்த காரியம், அது மறுபடி நடக்க வேண்டும். அவ்வளவு போதும். நரியும் வேண்டாம், கொலுசும் வேண்டாம்.

இதையெல்லாம் கரும்பலகையில் எழுத முடியாது. இன்னாசிமேரியிடம் சொல்வேன்.

இன்னாசிமேரி என் தம்பி சவரிராயனின் மனைவி. சவரிராயன் ஏற்காடு மலைக்கு லாரி ஓட்டினான். மூன்று வருஷத்துக்கு முன்னால் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். குழந்தை இல்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்களுக்கு ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர். ஒன்றில் நான், இன்னொன்றில் அவள். தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் விஷயத்தில் என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புருஷன் செத்தவள் கொட்டகைக்குப் போனால் ஊர் வாயை மூட முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், அந்த வாரம் பார்த்த படத்தின் பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவளிடம் கொடுப்பேன். அதில் கதைச் சுருக்கம் இருக்கும். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, மிச்சத்தைக் கொட்டகையில் வந்து தெரிந்துகொள்ளச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அவள் மிஷினை நிறுத்திவிட்டுப் படிப்பாள். படித்து முடித்ததும் தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

"அந்த டாக்டருதானுங்க மாமா."

"எப்படிம்மா சொல்றே?"

"எல்லாரும் அழுவறாங்க. அந்தாளு மட்டும் மொத ஆளா வந்து ஆறுதல் சொல்றாரு. செஞ்சவனுக்குத்தானுங்க ஆறுதல் சொல்ற அளவுக்கு நெதானம் இருக்கும்."

மூன்று வருஷத்தில் அவள் தவறியது இரண்டே படம். அந்த இரண்டும் எடுத்தவனே குழம்பிப்போன படங்கள். நான் மிச்சக் கதையைச் சொல்லி, நூல் தெரிந்ததையும் ஒட்டடை உதிர்ந்ததையும் சொல்லும்போது, அவள் மிஷின் மேல் இரண்டு கையையும் வைத்துக் குனிந்துகொண்டு, சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரிப்பாள். வாரம் முழுக்க நான் அந்தக் கண்றாவிகளைப் பார்த்தது அந்த அரை மணி நேரத்துக்காகத்தான். சாமியாருக்காக என்று வெளியில் சொல்வேன்.

போன ஆடியில் எங்கள் ஊர்க் கோடியில் டூரிங் கொட்டகை போட்டார்கள். அதன் ஆபரேட்டர்தான் யாகப்பன். கெங்கவல்லிப் பக்கத்து ஆள், எங்கள் சபைதான், பெண்டாட்டி செத்தவன். ஒரே மிஷினை வைத்துக்கொண்டு ஓட்டுவான். ஒருநாள் மூன்றாம் ரீலுக்குப் பிறகு ஐந்தாம் ரீலைப் போட்டுவிட்டு, அப்புறம் நாலாம் ரீலைப் போட்டான். அடக்கம் ஆனவன் எழுந்து வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி செத்தான். ஜனங்கள் கைதட்டினார்கள். அவனும் மிஷின் ரூமிலிருந்து தலையை நீட்டிச் சிரித்தான். அப்படிப்பட்ட ஆள்.

காற்றில் திரை கிழிந்துவிட்டது என்று அதைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு இன்னாசிமேரியிடம் தைக்க வந்தான். ஆறு நாள் தைத்தாள். அவன் ஆறு நாளும் வந்து திரையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மிஷின் ஓடுகிற சத்தத்தையும், அது நிற்கிற நேரத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பாட்டுப் புத்தகத்தோடு போனபோது அவள் அதைக் கையில் வாங்கவில்லை.

"மாமா, ஓலை குடுக்கலாமுன்னு இருக்கறோமுங்க. நீங்கதான் கோயில்ல சொல்லோணும்."

"யாரும்மா, ஆபரேட்டரா?"

"ஆமாங்க. கொட்டகைய நாமகிரிப்பேட்டைக்கு மாத்தறாங்க. கல்யாணம் முடிஞ்சதும் போயிருவோமுங்க."

"நல்லதும்மா" என்றேன். பிறகு, "இனிமே கதை யார்கிட்ட கேப்பே?" என்றேன்.

"இனி எதுக்குங்க கேக்கறது? மிஷின் ரூமுல குந்திக்கிட்டு நானே பாத்துக்குவேன். கடைசி ரீல மொதல்லயே போடச் சொல்லிப் பாத்துருவனுங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

என் வீட்டுக்கு வந்தேன். கொண்டுபோன பாட்டுப் புத்தகத்தை அடுப்பில் போட்டேன்.

உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. எங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. நவம்பர் ஒன்பது, பதினாறு, இருபத்துமூன்று என்று மூன்று ஓலை. இருபத்தாறு புதன்கிழமை கல்யாணம். அதைத் தவறவிட்டால் கிறிஸ்துமஸ் முடிகிறவரை கல்யாணம் கிடையாது, அதற்குள் கொட்டகை போய்விடும். ஓலைக் காகிதத்தைச் சாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். தடை சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அவளாக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நவம்பர் எங்களுக்கு ஆத்துமாக்கள் மாதம், செத்தவர்களை நினைக்கிற மாதம். எனக்கு அது தோதாக இருந்தது.

சவரிராயனுக்கு ஒரு பழக்கம் உண்டு. லாரி எடுக்கப் புறப்படும்போது, வாசலில் தொங்குகிற தீர்த்தக் குப்பியில் விரலை நனைத்து, நிலைக்கட்டையில் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் படி இறங்குவான். மலை வளைவுகளுக்கு அவ்வளவு பயம். ஈரம் பட்ட மரம் கறுத்துத் தெரியும், ஐந்து நிமிஷத்தில் காய்ந்து மறைந்துவிடும். இது அவளுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

முதல் ஓலைக்கு மறுநாளைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு, அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். திரும்பி வருகிற நேரம் பார்த்து, குப்பியில் நனைத்து நிலையில் சிலுவை போட்டுவிட்டு என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். அவள் வரும் சத்தம் கேட்டது. குடத்தை இறக்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. எந்தக் கொட்டகையிலும் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. எட்டு வருஷம் பார்த்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

"மாமா, செத்த வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். போனேன். மரம் காய்ந்திருந்தது.

"இங்கதானுங்க இருந்துச்சு. அவரு போடுவாரே, அதே மாதர."

"பயப்படாதே சாமி. மாசம் அப்படி. அவனுக்கு ஒரு பூசை வைப்போம்" என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். அவள் கை சில்லிட்டிருந்தது. உண்மையிலேயே சில்லிட்டிருந்தது, ஐயா. இதை யாகப்பன் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை போட்டேன். இரண்டாம் ஓலைக்கு அப்புறம், திங்கட்கிழமை, சவரிராயனின் டயர் செருப்பை எடுத்து அவள் வாசலில் வைத்தேன். அவன் வைக்கிற மாதிரியே, உடனே மாட்டிக்கொண்டு கிளம்பத் தோதாகத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். நான் அதை யாருக்கோ கொடுத்துவிட்டதாகத்தான் அவள் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். எதிர்வீட்டுக் குப்பாயியைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் நான் எடுத்துவிட்டேன். பட்டப்பகல். செலவு ஒன்றும் கிடையாது.

குப்பாயி வாய் சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. "அந்தண்ணனுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லீங்க உபதேசியாரே. ஊட்டையே சுத்திச் சுத்தி வருது பாருங்க" என்று என்னிடமே வந்து அழுதாள். நான் அவளுக்கும் ஆறுதல் சொன்னேன். அன்றைக்கே இன்னாசிமேரியிடம், மூன்றாம் ஓலையை நிறுத்தச் சொல்லிச் சாமியாரிடம் பேசட்டுமா என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு நாளு யோசிச்சுச் சொல்றனுங்க மாமா" என்றாள். சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாட்டுப் புத்தகம் படித்து முடித்ததும் பார்க்கிற அதே பார்வை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை அவள் யாகப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவன் என்னை அடிக்கக் கிளம்பினானாம். "உடுங்க, பாவம். மூணாம் ஓலை முடிஞ்சா நாம போயிருவோமில்ல" என்று அவள் தடுத்தாளாம். நீங்கள் அந்த இடத்தை வாசிக்கும்போதுதான் நான் தண்ணீர் கேட்டேன். அந்தப் பாவம் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, பதினோரு மணி இருக்கும். கந்தப்பன் தோட்டத்துக் கிணற்றில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மழை பெய்து கிணறு முக்கால்வாசி நிறைந்திருந்தது. படி இல்லாத கிணறு, சுற்றிலும் பாசி. அவளுடைய தாம்புக்கயிறு உருளையிலிருந்து தண்ணீர்வரை தொங்கிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. முடிவைக் கேட்கத்தான் போனேன். வேறு எண்ணத்தோடு போகவில்லை.

"என்னம்மா, சாமியார்கிட்ட என்ன சொல்லட்டும்?"

அவள் ஒரு சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "மாமா, உங்க தம்பி எந்த வெரல்ல சிலுவ போடுவாரு?"

பிழிந்த சேலையைக் கல்லில் போட்டுவிட்டு அவளே சொன்னாள்.

"சுட்டுவெரலுலதானுங்க. கோடு ஒல்லியா இருக்கும். வெள்ளிக்கெழம நெலையில இருந்தது பட்டக்கோடு. கட்டவெரலு. கொழந்தைக்கும் சாவறவங்களுக்கும் நெத்தியில போட்டுப் போட்டு உங்களுக்கு அந்த வெரலுதானுங்க வருது."

அது சரிதான். சிலுவை போட வேண்டும் என்று கை போனால் எனக்குக் கட்டைவிரல்தான் முன்னால் போகும். முப்பது வருஷப் பழக்கம். படம் எடுக்கிறவர்களை நூல் தெரிகிறது என்று திட்டினேனே, என் நூல் எனக்குத் தெரியவில்லை.

"ஆனா மொத நாளே சந்தேகமுங்க" என்றாள். "மொத ஆளா ஆறுதல் சொல்ல வந்தீங்கல்ல."

அவளுக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேனோ என்னவோ. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள் என்பதை நான் மறைக்கவில்லை.

"எட்டு வருசமாப் படம் பாத்தீங்களே மாமா. அந்தப் படக்காரனுங்களே தேவலைங்க. அவனுங்க ஒரு வெள்ளச் சீலையாச்சும் வாங்கறானுங்க."

நியாயமான பேச்சு. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அவள் துவைகல்லின் மேல் இரண்டு கையையும் வைத்துக் குனிந்துகொண்டாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு மூன்று வருஷமாக எனக்காக இருந்தது. அன்றைக்கு என்னைப் பார்த்து இருந்தது. நான் இரண்டு கையாலும் தள்ளினேன்.

விழுந்து ஒருமுறை மேலே வந்தாள். கயிறு அவள் கைக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. நான் அதை மேலே இழுத்துவிட்டேன். பிறகு கிணற்று மேட்டில் முழங்கால் போட்டு, சாகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய செபத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொன்னேன். பாதியில் நிறுத்தவில்லை. அவள் நல்ல கிறிஸ்தவப் பெண், அது அவளுக்குச் சேர வேண்டியது. முடித்தபோது தண்ணீர் அடங்கியிருந்தது. கயிற்றை மறுபடி இருந்த மாதிரியே தொங்கவிட்டுவிட்டு, அந்தோணியார் சிலை வைத்த கெபிப் பக்கமாக நடந்து வீட்டுக்குப் போனேன்.

சவரிராயன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று ஊர் சொன்னது. ஒருவர் விடாமல் நம்பினார்கள். கந்தப்பன் அந்தக் கிணற்றுக்கு முள் வைத்து அடைத்துவிட்டான். மறுநாள் மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டிய நேரத்தில் அவள் ஆத்துமத்துக்காகச் செபம் நடந்தது. முன்னால் நின்று சொன்னது நான்தான். கல்லறையில் யாகப்பன் ஒரு மூலையில் தனியாக நின்றான். நான்தான் முதலில் போய் அவன் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோள் மேல் இருந்த என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மத்தியானம்தான் உங்களிடம் வந்திருக்கிறான்.

இப்போது அந்தத் தப்புக்கு வருகிறேன். அவளுக்குக் கடைசிவரை பயமே கிடையாது, எல்லாவற்றையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள் என்று அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவன் அங்கே இல்லை. நான் இருந்தேன். தண்ணீரிலிருந்து மேலே வந்தபோது அவள் சிரிக்கவில்லை. கயிறு மேலே போவதைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "மாமா" என்றாள். அப்படி ஒரு பயத்தை எட்டு வருஷத்தில் எந்தத் திரையிலும் நான் பார்த்ததில்லை. அதுவும் பகல் பதினோரு மணிக்கு, நல்ல வெயிலில்.

ஆகவே அதை மட்டும் அடித்துவிட்டுத் திருத்தி எழுதுங்கள். செத்துப்போன புருஷனின் ஆவிக்குப் பயந்தாள் என்று எழுதுங்கள். கிணற்றடியில் நான் ஒருத்தன்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அவள் எதற்குப் பயப்படப் போகிறாள்? பயப்படும்படியாக அங்கே வேறு ஒன்றும் இல்லையே, ஐயா.